பத்து டொலர்ப் பெட்டியும் குப்பை என்ற சொல்லும்

ரொறன்ரோவில் தங்கை வீட்டில் தங்கியிருந்த நாட்களில், பதினொரு வயது மருமகனுடன் ஒரு மலிவுக் கடைக்குப் போனேன். அவன் தன் கைச்செலவுப் பணத்தில் பத்து டொலர் கொடுத்து ஒரு பெட்டி வாங்கினான். உள்ளே பழைய பேஸ்போல் அட்டைகள். ஆட்டக்காரர் ஒருவரின் படம் முன்னாலும், அவர் பிறந்த இடமும் ஆட்டக் கணக்கும் பின்னாலுமாக அச்சிடப்பட்ட சிறு அட்டைகள். இவற்றை அச்சிட்டது ஒரு நிறுவனம்; எங்கெங்கோ தேங்கிக் கிடந்தவற்றை அள்ளிக் கலந்து புதுப் பெட்டியில் இட்டு விற்பது வேறொரு நிறுவனம்.

வீட்டுக்கு வந்ததும் மைத்துனர் சிரித்தார். "மச்சான், நீங்களும் அவனோட சேர்ந்து காசைக் கரியாக்கிறியளோ? உது முழுக்கக் குப்பை."

இந்தக் 'குப்பை' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

அட்டைகளை முதலீடாகக் கருதுவோர் அனைவரும் இதையே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் கணக்குப் பிழை இல்லை. 1980 இல் ரொப்ஸ் நிறுவனத்தின் ஏகபோகத்துக்கு எதிராக நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 1981 இல் பிளியரும் டொன்றஸ்ஸும் சந்தைக்கு வந்தன. 1989 இல் அப்பர் டெக்கும் சேர்ந்துகொண்டது. எல்லோரும் போட்டிபோட்டு அச்சடித்தார்கள். வாங்கியவர்களோ பிள்ளைகளின் பல்கலைக்கழகச் செலவுக்கு உதவும் என்று பெட்டி பெட்டியாகப் பூட்டிவைத்தார்கள். எல்லோரிடமும் இருக்கும் பொருளை யார் விலைகொடுத்து வாங்குவார்? 1994 இன் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே நடைபெறாமற் போனபோது, இருந்த மயக்கமும் தெளிந்தது. அந்தக் காலத்து அட்டைகள்தாம் இன்றும் இந்தப் பெட்டிகளை நிரப்புகின்றன. எங்கள் பெட்டியிலும் 1990 இன் சிவப்புக் கரை டொன்றஸ், 1991 இன் மஞ்சள் பிளியர், மரப்பலகை போன்ற கரையுடைய 1987 ரொப்ஸ் ஆகியவையே மிகுதி. மொத்த அட்டைகளுக்கும் ஒரு தேநீரின் விலைகூடத் தேறாது.

சரி, விலையில்லாதது குப்பை என்றால் விலையுள்ளது எது? 2022 ஓகஸ்டில் 12.6 மில்லியன் டொலருக்கு ஏலம்போன மிக்கி மன்ரிலின் 1952 ரொப்ஸ் அட்டை. அதே தொகுதியில் விற்காமல் எஞ்சியவற்றை 1960 இல் படகில் ஏற்றி அத்திலாந்திக் கடலில் கொட்டியதாக அதனை உருவாக்கிய சை பேர்கரே சொல்லியிருக்கிறார். அன்று அது குப்பை. கடலுக்குள் போனதால் இன்று பொன்.

இன்னொன்று. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளோடு வந்த ஹோனஸ் வாக்னர் அட்டைகளுள் ஒன்று, தரம் பிரித்துப் பிளாஸ்திக் உறையில் அடைக்கும் அமெரிக்க நிறுவனத்தின் முதற்சான்றையே பெற்றது. முதலீட்டாளர்கள் கைகூப்பி வணங்கிய அட்டை அது. அதன் ஓரங்களை வெட்டிச் சீர்செய்ததாக, அதனை விற்ற ஏலக்காரர் பில் மாஸ்ரோ 2013 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். சிவப்புக் கரை டொன்றஸ்ஸை எவரும் வெட்டிச் சீர்செய்யப் போவதில்லை. அந்த அளவிலேனும் அது நேர்மையான பொருள்.

ஆனால் பெட்டியை நிரப்பி விற்பவருக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ணவேண்டாம். உள்ளேயிருப்பது பழைய சரக்கு என்று ஒரு வரி எழுத அவருக்கு மனமில்லை. மேலே பெரும் ஆட்டக்காரர்களின் படங்கள். பக்கத்தில், இத்தனை பெட்டிக்கு ஒன்றில் அரிய அட்டை 'இருக்கக்கூடும்' என்று எறும்பளவு எழுத்து. முப்பது ஆண்டுகளாகத் தலைப்பு எழுதிப் பிழைத்தவன் நான். 'கூடும்' என்ற சொல் எதற்குப் பயன்படும் என்பது எனக்குத் தெரியும்.

அரிய அட்டைகளை ஒன்றிரண்டாகக் கலந்து விற்பது சூதாட்டம் என்று அமெரிக்காவில் வழக்காடியும் பார்த்தார்கள். அது அட்டை உற்பத்தியாளர்களுக்கு எதிரான வழக்கு. எதிர்பார்த்தது கிடைக்காத ஏமாற்றம் சொத்து இழப்பு ஆகாது என்று 2002 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். பதினொரு வயதுப் பையன் பெட்டியைத் திறந்து, ஒவ்வோர் அட்டையாகப் புரட்டி, "இது எவ்வளவு மாமா?" என்று மட்டுமே கேட்கும்போது எந்தச் சொத்து இழக்கப்படுகிறது என்பதை எந்த நீதிமன்றத்தில் நிறுவுவது? யார் இவர், எந்த ஊர், எப்படி ஆடினார் என்று ஒரு கேள்வி இல்லை. கைப்பேசியில் விலையைப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான், அடுத்தது.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் வாங்கிய முத்திரைப் பொதிகளும் இதே இனந்தான். ஹங்கேரி, போலந்து, மங்கோலியா. ஒரு கடிதத்திலும் ஒட்டப்படாமல் சேகரிப்போருக்கென்றே முத்திரை குத்தப்பட்டவை. பெறுமதி இல்லை என்பது கடைக்காரருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பொதிக்கு வெளியே 'நூறு வெளிநாட்டு முத்திரைகள்' என்று இருக்கும். உள்ளேயும் நூறு இருக்கும். உலன்பாத்தர் எங்கே இருக்கிறது என்று நான் தேடியது அப்படித்தான்.

பெட்டி நிரப்புவோரிடம் நான் கேட்பதும் அவ்வளவே. எந்த ஆண்டுகளின், எந்த நிறுவனத்தின் அட்டைகள், எத்தனை என்று வெளியே எழுதுங்கள். மன்ரிலை எதிர்பார்க்க வைக்காதீர்கள். பத்து டொலருக்கு மேலான சரக்கு உள்ளே இருக்கிறது. அதை மறைப்பது நீங்கள்தாம்.

அன்றிரவு கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, அட்டைகளின் பின்புறத்தை வாசிக்கச் சொன்னேன். முகம் சுளித்தான். ரொனி பெர்னாண்டஸ், புளூ ஜேஸ், பிறந்த ஊர் சான் பெட்ரோ டி மக்கோரிஸ். ஜோர்ஜ் பெல், 1987 இன் அமெரிக்க லீக் சிறந்த ஆட்டக்காரர், அவரும் அதே ஊர்! டொமினிக்கன் குடியரசில் கரும்பாலைகள் சூழ்ந்த ஒரு நகரம். "ஒரே ஊரிலேயிருந்து ஏன் மாமா இத்தனை பேர்?" என்றான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: ஆலைகளுக்கு ஆலை அணிகள் இருந்தன, வெளியேற வேறு வழிகள் குறைவு.

மைத்துனர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பையன் சப்பாத்துப் பெட்டி ஒன்றை எடுத்து, அட்டைகளை ஊர்வாரியாகப் பிரிக்கத் தொடங்கியிருந்தான்.