சித்தியின்ர பெயரில நடக்கிறது

சித்தி மோசம் போய் 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிச்சம். வழுவழுப்புத் தாள், முன்னட்டையில கலியாணவீட்டு அல்பத்தில இருந்து வெட்டின படம். தேவாரம் இருந்தது, மருமக்கள் எழுதின கவிதையும் இருந்தது. அவ எதால செத்தவ எண்டது மட்டும் ஒரு பக்கத்திலயும் இல்லை. 'சிறிது காலம் நோய்வாய்ப்பட்டு' எண்டு ஒரு வரி, அவ்வளவுதான்.

மார்பகப் புற்றுநோய். கட்டி இருக்கிறது சித்திக்கு ஒரு வருசத்துக்கு முன்னமே தெரியும். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. வெளியில தெரிஞ்சா பிள்ளையின்ர காரியம் குழம்பும் எண்டு மூடி வைச்சிட்டா. இலங்கைப் பெண்களில கூடுதலாகக் காணப்படுகிற புற்றுநோய் இதுதான். எங்கட வீடுகளில அதுக்குப் பெயர் 'அந்த வருத்தம்'.

இந்த ஒக்டோபர் விழிப்புணர்வு நடைக்கு மச்சாள்மார், தம்பிமார் எல்லாரும் சேர்ந்து சித்தியின்ர பெயரில ஒரு அணி போடுவம் எண்டு வெளிக்கிட்டம். பெரியம்மா ஒரே பிடியா மறுத்திட்டா. "செத்த பிள்ளையை றோட்டு வழிய கொண்டு திரியப் போறியளோ?" எண்டு கேட்டா. அந்தக் கேள்வியை லேசாத் தள்ள ஏலாது. இப்பிடியான நடைகளில பாதிப்பேர் ரீசேர்ட்டுக்கும் செல்பிக்கும்தான் வருகினம். மூண்டு கிலோமீற்றர் நடந்து, கேக் சாப்பிட்டு, படம் போட்டிட்டுப் போறதில செத்தவைக்கு என்ன மரியாதை?

ஆனா நடை எண்டது எப்பவும் அப்பிடி இல்லை. 2011இல தேவேந்திரமுனையில இருந்து பருத்தித்துறை வரைக்கும் ஏறத்தாழ 670 கிலோமீற்றரை 27 நாளில நடந்தினம். தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்குக் காசு சேர்க்கத்தான் அந்த நடை. 2016இல அதே தூரத்தைத் திருப்பி வடக்கில இருந்து தெற்குக்கு நடந்தினம், காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக. அந்த முயற்சியில முன்னுக்கு நிண்ட மஹேல ஜயவர்தன, 16 வயசுத் தம்பியை மூளைக் கட்டிக்குப் பறிகொடுத்தவர். தெற்கில தொடங்கின நடை எங்கட ஊர் ஆஸ்பத்திரிக்கு உதவினதை, போர் முடிஞ்சு இரண்டே வருசத்தில நடந்ததை, நாங்கள் போதுமான அளவுக்குக் கதைக்கிறேல்லை எண்டும் எனக்கு ஒரு மனக்குறை. அது வேற கட்டுரை.

என்ர கட்சி இதுதான். சும்மா நடக்கிறதை விட அணியாச் சேர்ந்து நடக்கிறது பெறுமதி. அணி எண்டா காசு கேக்கவேணும். காசு கேக்கிறதெண்டா ஏன் எண்டு சொல்லவேணும். கல்வெட்டில எழுத வெக்கப்பட்ட சொல்லை ஒவ்வொரு படலையிலயும் நிண்டு வாய்விட்டுச் சொல்லவேண்டி வரும். சேர்க்கிற காசின்ர கணக்கைப் பொதுவில போடவேணும் எண்டதையும் சொல்லி வைக்கிறன். அதில நாங்கள் வலு மோசம்.

ரீசேர்ட்டில சித்தியின்ர படம் போடேல்லை. வேர்வையில நனையிற இடத்தில அவவின்ர முகம் வேண்டாம் எண்டு மச்சாள் சொல்லிப்போட்டா. அதுதான் சரி. முதுகில பெயரும், அதுக்குக் கீழ வருத்தத்தின்ர பெயரும் மட்டும்.

ஒழுங்கைக் கடைசி வீட்டில காசு கேக்கப் போனபோது அந்த அக்கா 500 ரூபா தந்தா. நான் கேற் வரைக்கும் வந்திட்டன், திருப்பிக் கூப்பிட்டா. குசினிக்குள்ள கூட்டிக்கொண்டு போய், "சித்திக்கு முதல்ல எப்பிடி இருந்தது?" எண்டு மெல்லமாக் கேட்டா. கை சட்டைக்கு மேல, இடப்பக்கம் இருந்தது. சுகவனிதையர் கிளினிக்கில இதைப் பாக்கிறதுக்குக் காசில்லை எண்டது அவவுக்குத் தெரியாது.

பெரியம்மாவிட்ட இதைச் சொன்னன். ஒண்டும் கதைக்கேல்லை. அடுத்தநாள் காலமை அந்த அக்காவோட கிளினிக்குக்குப் போக, குடையோட பெரியம்மா படலையில நிண்டவ.