முடிவு வராத குவாரி விண்ணப்பங்கள்: கோரிக்கை மனு

அனுப்புநர்: தாம்பரம், படப்பை, குன்றத்தூர் சுற்றுவட்டாரக் கல்குவாரி விண்ணப்பதாரர்கள், கல்லுடைக்கும் தொழிலாளர்கள் சார்பில் சங்கச் செயலாளர்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: சாதாரணக் கல் குவாரிக் குத்தகை விண்ணப்பங்கள் மீது கெடு வைத்து எழுத்துமூல உத்தரவு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959. 2. ஹிந்த் ஸ்டோன் வழக்கு, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நாள் 5.2.1981.

ஐயா,

குத்தகை கொடுத்தே ஆகவேண்டும் என்று கேட்க இந்த மனுவை எழுதவில்லை. கொடுப்பதானால் கொடுங்கள், மறுப்பதானால் காரணம் எழுதி மறுத்துவிடுங்கள். இரண்டும் இல்லாமல் கோப்பு கிடப்பில் கிடப்பதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. மறுப்பு உத்தரவு கையில் இருந்தால் மேல்முறையீட்டுக்குப் போகலாம். வெறும் மௌனத்தின் மீது யாரிடம் மேல்முறையீடு செய்வது?

தாமதம் எங்களுக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இந்த மாநிலத்திலேயே பிறந்த, பார்வை 2-இல் கண்ட வழக்கு இருக்கிறது. 2.12.1977 அன்று அரசு மேற்படி விதிகளில் 8-சி என்ற விதியைக் கொண்டுவந்து, கருங்கிரானைட் குவாரிகளைத் தனியாருக்குத் தருவதை நிறுத்தியது. அதற்கு வெகுநாள் முன்பே விண்ணப்பித்து, முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். விண்ணப்பங்களை நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும், விண்ணப்பித்த நாளின் விதியைக் கேட்டுப்பெறும் உரிமை எவருக்கும் இல்லை, முடிவெடுக்கும் நாளில் எந்த விதி நடைமுறையில் உள்ளதோ அதுவே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. ஆக, அலுவலகம் தாமதித்தால் நட்டம் மனுதாரருக்கு. பெருங்கனிமங்களில் 12.1.2015 அன்று அமலுக்கு வந்த சட்டத்திருத்தம், நிலுவையில் இருந்த விண்ணப்பங்களில் சில விதிவிலக்குகள் தவிர மற்றவற்றை ஒரே நாளில் செல்லாதவையாக்கியது. அது எங்கள் கல்லுக்குப் பொருந்தாது என்பது தெரியும். இருந்தும் பயம் போகவில்லை.

பட்டா நிலத்தில் கல் எடுக்க மேற்படி விதிகளில் 19-ஆம் விதிப்படி விண்ணப்பிக்கிறோம். கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், கோட்டாட்சியர், சுரங்கத்துறை உதவி இயக்குநர் என அறிக்கைகள் சேர வேண்டும். பிறகு பரப்பை உறுதிசெய்யும் கடிதம், அதன்மேல் சுரங்கத் திட்டம், அதன்மேல் சுற்றுச்சூழல் அனுமதி. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் இந்த அனுமதி கட்டாயம் என்று 27.2.2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நாங்கள் குறை சொல்லவில்லை. முதல் படியிலேயே கோப்பு நின்றுவிட்டால் மற்ற படிகளில் ஏறவே முடியாது என்பதுதான் எங்கள் முறையீடு. இதற்கிடையில் நிலக்காரரோடு போட்ட ஒப்பந்தம் காலாவதியாகிறது. கிரஷருக்கு வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் தவறாமல் ஏறுகிறது.

எதிர்ப்புக் குரல்களும் எங்கள் காதில் விழுகின்றன. பல்லாவரம், திரிசூலம், பம்மல் மலைகளில் எங்கள் பெற்றோர் உளி பிடித்தார்கள். இன்று பாறையின் அடிவாரம் வரை வீடுகள் வந்துவிட்டன. குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல்குவாரி கூடாது என்ற விதி சரியானதே. அங்கே நாங்கள் கேட்கவும் இல்லை. சிக்கராயபுரத்தில் தோண்டிவிட்டுப்போன பள்ளங்களை ஒருகாலத்தில் எல்லோரும் திட்டினார்கள். 2017 வறட்சியிலும் 2019 வறட்சியிலும் அந்தப் பள்ளங்களில் தேங்கிய தண்ணீரும் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக் குழாய்களில் வந்தது! அதற்காகத் தூசியையும் வெடியையும் நியாயப்படுத்தவில்லை. ஊர்மக்களின் ஆட்சேபணையையும் இதே கெடுவுக்குள் விசாரித்துத் தீர்க்க வேண்டும் என்கிறோம்.

எனவே, நிலுவையில் உள்ள ஒவ்வொரு விண்ணப்பத்தின் நிலையையும், எந்த மேசையில் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்பதோடு, அலுவலகப் பலகையில் ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம். குறைபாடு இருந்தால் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்க வேண்டும். ஒன்றைத் தீர்த்ததும் அடுத்ததைக் கேட்பது கூடாது. கூட்டுப் புலத்தணிக்கைக்கு நாள் குறித்து, மனுதாரருக்கும் கிராமத்தாருக்கும் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். தணிக்கை முடிந்த 60 நாளில் உத்தரவு வேண்டும்.

30 நாளில் பதில் இல்லையெனில், அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் பேராணை கோருவோம். அப்படிப் போனால் கிடைப்பது பெரும்பாலும் 'இத்தனை வாரத்தில் பரிசீலித்து முடிவெடுங்கள்' என்ற உத்தரவுதான். அதையே வழக்குச் செலவில்லாமல் தங்களிடம் இன்று கேட்கிறோம்.

இம்மனுவின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியுடன் அலுவலக முத்திரை இட்டுத் தரவும்.

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்