புதிது புதிதாக, யாருக்காக?

பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் புதிதாக எதைக் கொண்டுவந்தாலும் "உங்கள் வசதிக்காக" என்றுதான் சொல்லும். நான் இதை நம்புவதில்லை. எதை வெளியிடுவது என்று அவர்கள் முடிவு செய்வது பெரும்பாலும் நம் தேவையைப் பார்த்து அல்ல. எதிர்க்கடையில் என்ன விற்கிறது என்பதைப் பார்த்துத்தான்.

கூகுளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜூனில் கூகுள் பிளஸ் வந்தது. யார் கேட்டார்கள்? ஃபேஸ்புக் வளர்ந்த வேகம் அவர்களைப் பயமுறுத்தியது, அவ்வளவுதான். யூடியூபில் ஒரு கருத்து எழுதக்கூட பிளஸ் கணக்கு வேண்டும் என்று 2013-ல் கட்டாயப்படுத்தினார்கள். முடிவு என்ன? 2018 அக்டோபரில் அவர்களே சொன்ன கணக்கு இது: பிளஸுக்கு வந்த நூறு வருகைகளில் 90, ஐந்து விநாடிகூட நீடிக்கவில்லை. வீடு மாறி நுழைந்தவன்கூட அதைவிட அதிக நேரம் நிற்பான்! 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கான பிளஸை மூடிவிட்டார்கள்.

இத்தனைக்கும் அவர்கள் கையிலேயே ஆர்க்குட் இருந்தது. ஆர்க்குட் புயுக்கோக்டென் என்ற அவர்களுடைய பொறியாளர் உருவாக்கி 2004-ல் வந்தது. பிரேசிலிலும் இந்தியாவிலும் கொடிகட்டிப் பறந்தது. அதைச் செப்பனிட்டு வளர்க்காமல் புதிதாக ஒன்றைக் கட்டினார்கள். ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது.

கூகுள் ரீடர் கதையும் தெரிந்ததுதான். பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய சேவை அது. வலைப்பூ வாசகர்களுக்குக் காலை நாளிதழ் மாதிரி. "பயன்பாடு குறைந்துவிட்டது" என்று சொல்லி 2013 ஜூலை 1-ல் நிறுத்தினார்கள். தினமும் விரும்பிப் படித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய எண்ணிக்கை அந்த நிறுவனத்தின் கண்ணுக்குச் சிறியது.

ஏன் இப்படி? அங்கே வேலை பார்த்து வெளியே வந்த பலர் எழுதியிருக்கிறார்கள்: புதிதாக ஒன்றை வெளியிட்டால் பதவி உயர்வு எளிது, இருப்பதைப் பராமரிப்பவருக்கு அப்படி இல்லை என்று. நமக்குப் புரியாத விஷயமா இது? புதுப் பாலத்துக்கு அடிக்கல் நாட்ட ஆள் உண்டு. பழைய ஏரியைத் தூர் வாரத்தான் ஆள் கிடையாது.

தேவையைப் பார்த்து வந்த பொருள் நிற்கும் என்பதற்கும் கூகுளிடமே சாட்சி இருக்கிறது. 2004 ஏப்ரல் 1-ல் ஜிமெயில் வந்தபோது ஹாட்மெயில் தந்த இடம் 2 எம்.பி., யாகூ தந்தது 4 எம்.பி. இடம் போதாமல் கடிதங்களை அழித்துக்கொண்டிருந்த மக்களுக்கு ஜிமெயில் 1 ஜி.பி. கொடுத்தது. இருபது ஆண்டுகள் தாண்டியும் அது நிற்கிறது.

"இலவசமாகத்தானே தருகிறார்கள், கேள்வி கேட்க நமக்கு என்ன உரிமை?" என்று சிலர் சொல்வார்கள். இலவசம் இல்லை ஐயா. நாம் பார்க்கும் விளம்பரம்தான் அவர்களுடைய வருமானம். அதற்கும் மேலே, நாம் கொடுப்பது நேரம். அறுபது, எழுபது வயதில் ஒரு செயலியைக் கற்றுக்கொள்வது சின்ன வேலையா? எந்தப் பொத்தான் எங்கே என்று பேரப்பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டுப் பழகி முடிக்கும்போது அதை எடுத்துவிடுகிறார்கள். ஸ்டேடியா என்ற விளையாட்டுச் சேவையை 2023 ஜனவரியில் நிறுத்தியபோது, அதில் விளையாட்டுகள் வாங்கியவர்களுக்குக் கூகுள் பணத்தைத் திருப்பித் தந்தது. நல்ல காரியம். ஆனால் நேரத்தைக் கொடுத்தவர்களுக்கு யார் எதைத் திருப்பித் தருவது?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மிக்ஸி வாங்கினால் இத்தனை வருட வாரண்டி என்று அட்டையில் எழுதித் தருகிறார்கள். அதுபோல, புதுச் சேவையை வெளியிடும் நாளிலேயே குறைந்தது எத்தனை ஆண்டுகள் நடத்துவோம் என்று எழுதிக் கொடுக்கட்டும். அதைச் சட்டமாகவே கொண்டுவரலாம். எழுதிக் கொடுக்க அவர்களுக்கே தைரியம் இல்லாத பொருளைக் கற்றுக்கொள்ள நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?