மலைக்காரனுக்கு வழி தெரியாதாம்

தானா ராத்தாவிலிருந்து கோலாலம்பூருக்கு இறங்கி வருகிற ஆளைப் பற்றி நம்மிடம் ஒரு கதை எப்போதும் தயாராக இருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்தில் முழிப்பான். தப்பான பக்கம் போய் நிற்பான். நகரத்து மாமா சிரிப்பார், "தோட்டத்து ஆளு, பாவம்" என்பார். எழுதுகிறவர் பரிதாபப்படுகிறார், வாசிக்கிற நாமும் கூடவே உச்சுக் கொட்டுகிறோம். அவன் ஏன் முழித்தான் என்று கேட்ட கதையை நான் இன்னும் படிக்கவில்லை.

சரி, நான் கேட்கிறேன். மஸ்ஜிட் ஜாமெக் எல்ஆர்டி நிலையத்தை எடுத்துக்கொள்வோம். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுகிற இடம் அது. கோலாலம்பூர் என்ற பெயரே அந்தச் சேற்றுக் கூடலிலிருந்து வந்ததுதான். 1909இல் கட்டிய பள்ளிவாசல் பக்கத்திலேயே நிற்கிறது. 1996 டிசம்பரில் ஸ்டார் நிறுவனத்தின் ரயில் இங்கே உயரத்தில், ஆற்றை ஒட்டி ஓடத் தொடங்கியது. 1999 ஜூனில் புத்ரா நிறுவனத்தின் ஓட்டுநரில்லாத ரயில் நிலத்தடியில் வந்து சேர்ந்தது. பெயர் ஒன்று, நிலையம் இரண்டு.

அப்போது மலையிலிருந்து வருகிறவர்கள் புடுராயாவில் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். பக்கத்தில் பிளாசா ராக்யாட் நிலையம். அங்கே டிக்கெட் வாங்கி ஏறினால் அடுத்த நிறுத்தமே மஸ்ஜிட் ஜாமெக். கேஎல்சிசி போக வேண்டுமா? இறங்கி, டிக்கெட் கதவைத் தாண்டி, தெருவுக்கு வந்து, அந்த இன்னொரு நிலையத்தைத் தேடிப் பிடித்து, மறுபடி வரிசையில் நின்று, மறுபடி காசு கொடுத்து, கீழே இறங்க வேண்டும். 2011 நவம்பர் வரை இதுதான் கதி. பன்னிரண்டு வருஷம்! இதில் பெரிய கூத்து, 2002லேயே இரண்டு தடங்களும் அரசின் பிராசரானா கைக்கு வந்துவிட்டன. முதலாளி ஒருவரே ஆன பிறகும் ஒன்பது வருஷம் சனங்கள் இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"தொழில்நுட்பம் வேற வேற, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஒன்றின் ரயில் மற்றதன் தண்டவாளத்தில் ஓடாது. ஆனால் ரயில் மாறப் போவது மனிதன்தானே? சிங்கப்பூரில் 1987இல் திறந்த சிட்டி ஹால், ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையங்களில் ஒரு ரயிலை விட்டு இறங்கி, அதே மேடையின் எதிர்ப்பக்கம் பத்தடி நடந்தால் அடுத்த தடத்து ரயில். பக்கத்து வீட்டில் இருந்த மாதிரியைப் பார்க்காமலா நாம் கட்டினோம்?

இவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம், தோட்டத்தையே பாருங்கள். பறித்த கொழுந்து வாடிக் கெடுவதற்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். அதனால் மலைச்சரிவில் பாதை எப்படி வளைய வேண்டும், நிறுவை எங்கே நடக்க வேண்டும் என்று துரைமார்கள் கணக்குப் போட்டு வைத்தார்கள். லயத்து வீடுகளுக்கு அந்தக் கணக்கில் என்ன இடம் கிடைத்தது என்பது வேறு கதை, அந்த வயிற்றெரிச்சலை இன்னொரு நாள் எழுதுகிறேன். கொழுந்துக்குப் பார்த்த வழியை நகரம் அந்தக் கொழுந்தைக் கிள்ளியவரின் பிள்ளைக்குப் பார்க்கவில்லை. குத்தகைக்காரர்களின் எல்லைக்கோடு எங்கே விழுந்ததோ, அங்கே அவனை நடக்கவிட்டது.

"இப்பதான் சரியாயிடுச்சே, பழசை ஏன் கிளறுற?" என்று ஒரு நண்பர் கேட்டார். அவரை கேஎல் சென்ட்ரலுக்குக் கூப்பிடுகிறேன். 2003இல் வந்த மோனோரெயில் நிலையம் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் தனியாகக் கிடக்கிறது. 2014இல் இடையில் ஒரு பேரங்காடி வந்தது. இன்றைக்கும் ரயில் மாறுகிறவன் கடைகளைப் பார்த்துக்கொண்டேதான் போக வேண்டும். முதல் தடவை வருகிறவன் அங்கே, துணிக்கடைக்கும் மின்படிக்கும் நடுவில், முழிக்கத்தான் செய்வான்.

அவனைப் பார்த்து மாமா சிரிக்கட்டும். எழுதுகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. அவன் முகத்தில் தெரிந்த திகைப்பை அரைப் பக்கம் வர்ணித்தீர்களே, அவன் வாங்கிய இரண்டாவது டிக்கெட் ஏன் உங்கள் கண்ணில் படவில்லை?