சலரோகமும் கடைசிக் கோப்பையும்



வெறும்வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனியின் அளவு 126 அல்லது அதற்கு மேல் என இரண்டு தடவை வந்தால் அது சலரோகம். கிளினிக்கில் இதைக் கேட்டதும் பலர் பயத்தில் சோற்றையே விட்டுவிடுகிறார்கள். அது பிழை.

2007இல் படுவான்கரையை விட்டு இடம்பெயர்ந்த நாட்களில், பிள்ளைகளுக்குக் கொடுத்து மிஞ்சியதையே நாம் சாப்பிட்டோம். வீடு திரும்பிய பிறகும் கடைசியாகச் சாப்பிடும் பழக்கம் நம்மை விடவில்லை. ஆனால் சில சலரோகக் குளிசைகளைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சீனி 70க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், பிறகு சாப்பிடுங்கள். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். இதை வீட்டிலுள்ளவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

மற்ற நேரங்களில் தேநீருக்குச் சீனி வேண்டாம். கோப்பையில் பாதி கீரையும் மரக்கறியும், கால் பங்கு மீன் அல்லது பருப்பு, கால் பங்கு சோறு இருக்கட்டும். சுகமாக இருக்கிறதென்று குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பிள்ளைகளுக்கு அம்மா நெடுநாள் வேண்டும். இன்றிரவு அவர்களோடு சேர்ந்தே சாப்பிடுங்கள்.