உயரழுத்தத்துக்கு உறவு, தாழ்வழுத்தத்துக்கு வரிசை

மின்வாரியத்தின் கணக்கில் நுகர்வோர் இரண்டு வகை: உயரழுத்த நுகர்வோர், தாழ்வழுத்த நுகர்வோர். 11 கிலோவோல்ட், 33 கிலோவோல்ட், 110 கிலோவோல்ட் என்று நேரடியாக மின்சாரம் எடுத்து, சொந்தமாக மின்மாற்றி வைத்துக்கொள்ளும் ஆலைகள் முதல் வகை. வீடு, டீக்கடை, பம்ப்செட், சின்ன லேத் பட்டறை எல்லாம் இரண்டாம் வகை. இவை பொறியியல் சொற்கள்தான், யாரையும் தாழ்த்துவதற்கென்று வைத்த பெயர்கள் இல்லை. ஆனாலும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தலைக்கு மேல் உயரழுத்தக் கம்பி ஓட, அதன் கீழே உள்ள காலனி வீட்டில் மாலை ஏழு மணிக்கு டியூப்லைட் கண் சிமிட்டும்போது, இந்தச் சொற்களுக்கு அகராதியில் இல்லாத ஒரு பொருளும் வந்து சேர்ந்துவிடுகிறது.

நாட்டில் உள்ள மின் பகிர்மான நிறுவனங்கள் பலவற்றில் ‘பெரிய நுகர்வோருடன் உறவைப் பேணுதல்’ என்பது இன்று ஒரு தனி வேலையாகிவிட்டது. அதற்கென்று பொறியாளர்களுக்குப் பயிற்சி உண்டு. ஆலை நிர்வாகத்திடம் எப்படிப் பேசுவது, மின்தடையை எப்படி முன்கூட்டியே சொல்வது, கட்டணப் பட்டியலை எப்படி விளக்குவது, புகார் வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் பதில் தருவது என்றெல்லாம் சொல்லித் தருகிறார்கள். கேட்டவுடன் நம்மவர்களுக்கு வரும் முதல் எண்ணம், ‘பணக்காரனுக்கு இன்னும் ஒரு பல்லக்கு’ என்பதுதான். அந்த எண்ணத்தோடு நின்றுவிட்டால் நமக்குத்தான் நட்டம்.

எண்ணிக்கையில் மிகச் சிலரான உயரழுத்த நுகர்வோரிடமிருந்துதான் வாரியத்தின் வருவாயில் பெரும் பங்கு வருகிறது. மின்சாரம் வாங்கி விநியோகிக்க ஆகும் செலவைவிட அதிகமாக அவர்கள் கட்டுகிறார்கள்; அந்த அதிகப்படிதான் குறுக்கு மானியம். அதுவும் அரசு தரும் மானியமும் சேர்ந்துதான் வீட்டு இணைப்புகளைத் தாங்குகின்றன. 2016 மே மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறதே, குடிசைகளுக்கு விளக்கு எரிகிறதே, இதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. சேரியில் எரியும் விளக்குக்கும் இருங்காட்டுக்கோட்டை ஆலையின் மின்கட்டணத்துக்கும் உள்ள தொடர்பு நேரடியானது.

முன்பு இந்த ஆலைகள் வாரியத்தை விட்டு எங்கும் போக முடியாது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. 1 மெகாவாட்டுக்கு மேல் தேவைப்படுவோர் வெளியாரிடம் மின்சாரம் வாங்கி, வாரியத்தின் கம்பி வழியாகக் கொண்டுவரலாம். 2022இல் வந்த பசுமை எரிசக்தி விதிகள் அந்த வரம்பை 100 கிலோவாட்டாக இறக்கிவிட்டன. காற்றாலை, சூரிய மின் நிலையம் ஒன்றில் பயன்படுத்துவோர் சேர்ந்து 26 சதவீதப் பங்கு வைத்திருந்து, அதன் உற்பத்தியில் 51 சதவீதத்தைத் தாங்களே பயன்படுத்தினால் அது ‘சொந்த உற்பத்தி’ ஆகிவிடுகிறது. குறுக்கு மானியக் கூடுதல் கட்டணமும் இல்லை. கூரையில் சூரியத் தகடு வேறு. ஆக, வாரியம் முதன்முறையாகத் தன் பெரிய வாடிக்கையாளரை இழக்கக்கூடிய நிலைக்கு வந்திருக்கிறது. ஆலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டால் கடைசியில் வாரியத்திடம் மிஞ்சப்போவது நாமும், நம்மைப் போன்றவர்களும், வாரியத்தின் கடனும்தான். எனவே பெரிய நுகர்வோரைத் தக்கவைக்க ஊழியருக்குப் பயிற்சி தருவதை நான் எதிர்க்கவில்லை. நன்றாகவே தரட்டும்.

இனி, அந்தப் பயிற்சியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஒரு ஆலை 1,000 கே.வி.ஏ. ஒப்பந்த மின்தேவை வாங்கி வைத்திருக்கிறது. உண்மையில் அது 600தான் எடுக்கிறது. தமிழ்நாட்டின் விதிப்படி பதிவான தேவை அல்லது ஒப்பந்தத் தேவையில் 90 சதவீதம், இதில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். அதாவது 900க்குக் கட்ட வேண்டும். 2022 செப்டம்பரில் நிர்ணயித்த கே.வி.ஏ.வுக்கு 550 ரூபாய் என்ற கணக்கிலேயே பார்த்தால், எடுக்காத 300க்கு மாதம் 1,65,000 ரூபாய் போகிறது. பயிற்சி பெற்ற பொறியாளர் இதைப் பார்த்ததும், ‘ஒப்பந்தத் தேவையைக் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று தாமாகவே சொல்ல வேண்டும். திறன் காரணி 0.90க்குக் கீழே போனால் அபராதம் வரும், மின்தேக்கி போடுங்கள் என்று எச்சரிக்க வேண்டும். காலையும் மாலையும் உச்ச நேரத்தில் எடுக்கும் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல் என்பதால் எந்த எந்திரத்தை இரவுக்கு மாற்றலாம் என்று ஆலோசனை தர வேண்டும். பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளை ஆலையின் ஓய்வு நாளோடு பொருத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘உங்கள் பிரச்சினைக்கு நான் பொறுப்பு, இது என் எண்’ என்று ஒரே ஒரு ஆள் நிற்க வேண்டும்.

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். பெயர் தெரிந்த, பொறுப்புள்ள ஒரு ஆள்.

நம் காலனிக்காரர் பிரிவு அலுவலகத்துக்குப் போனால் சந்திப்பது யாரை? இன்று உதவிப் பொறியாளர் களப்பணிக்குப் போயிருப்பார், நாளை கணக்கீட்டாளர் விடுப்பில் இருப்பார், நாளை மறுநாள் ‘கம்ப்யூட்டரில் பதிந்தாயிற்று, மெசேஜ் வரும்’ என்பார்கள். தாழ்வழுத்தத்திலும் உறவு இல்லாமல் இல்லை. அந்த உறவு பயிற்சியால் வந்ததில்லை; சாதியாலும் காசாலும் வந்தது. ஊர்த்தெருவின் ஒப்பந்ததாரருக்குப் பொறியாளரைத் தெரியும், கவுன்சிலரின் மச்சானுக்கு ஃபோர்மேனைத் தெரியும். டிரான்ஸ்ஃபார்மர் எங்கே நிற்க வேண்டும் என்பது பல ஊர்களில் அப்படித்தான் முடிவானது. அது ஊரின் நடுவில் நின்றது. காலனி கம்பியின் வால்முனையில் தொங்கியது. தூரம் கூடக் கூட மின்னழுத்தம் குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். தாழ்வழுத்தத்தில் 6 சதவீதத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக்கூடாது என்பது விதி. வால்முனையில் ஒருநாள் மாலை மீட்டர் வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டு விளக்கோடு இந்தக் கதை முடிந்துவிடுவதில்லை. 2023இல் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில் முனைவோருக்கு முதலீட்டில் 35 சதவீத மானியம், உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய், கடன் வட்டியில் 6 சதவீத மானியம். நல்ல திட்டம். இதனால் நம் பிள்ளைகள் சிலர் பாக்குத்தட்டு முதல் ஆலைகளுக்கான உதிரிபாகம் வரை செய்யும் பட்டறைகளைத் தொடங்கியிருக்கிறார்கள். கடன் கிடைத்துவிடுகிறது. எந்திரம் வந்து இறங்கிவிடுகிறது. மும்முனை மின் இணைப்புதான் வருவதில்லை. எந்திரம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்க, வங்கியின் தவணை மட்டும் தவறாமல் ஓடுகிறது.

ஏன் வருவதில்லை? கேட்டால் கம்பி நீட்டிப்பு என்பார்கள். பட்டறை காலனியை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கும், ஏனென்றால் நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பதே அங்கேதான். அங்கே மூன்று கம்பம் நட வேண்டும். அதில் ஒரு கம்பம் மாற்றுச் சாதிக்காரர் ஒருவரின் பட்டா வரப்பில் விழும். அவர் ‘ஆட்சேபம்’ என்று ஒரு வார்த்தை சொல்வார். அதோடு கோப்பு நின்றுவிடும். ‘அவரிடம் பேசி ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க தம்பி’ என்று விண்ணப்பித்தவரிடமே சொல்லி அனுப்புவார்கள். ஆட்சேபம் வந்தால் மாவட்ட ஆட்சியரின் ஒப்புதலைப் பெற்று வேலையைத் தொடரச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரு பெரிய ஆலைக்குக் கோபுரம் நட வேண்டியிருந்தால் அந்த வழியைத் தேடி வாரியமே ஓடும். ஆலை முதலாளியை வரப்புக்காரர் வீட்டு வாசலில் நிறுத்தாது. நம் பிள்ளை மட்டும் போய் நிற்க வேண்டும். அப்படி நின்றால் என்ன பேச்சு கிடைக்கும் என்று இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இணைப்பு கிடைத்த பிறகும் வேறொரு ஓட்டை இருக்கிறது. 20 கிலோவாட் போதுமான பட்டறைக்கு யாரோ சொன்னார் என்று 50 கிலோவாட் வாங்கியிருப்பார்கள். 2022 செப்டம்பருக்கு முன் கிலோவாட்டுக்கு 35 ரூபாயாக இருந்த நிலைக் கட்டணம் அந்த மாதமே 75 ரூபாயாக உயர்ந்தது. அதற்குப் பிறகும் ஜூலை ஜூலையாக ஏறியது. தேவையில்லாத 30 கிலோவாட்டுக்கு, அந்தப் பழைய 75 ரூபாய்க் கணக்கிலேயே, மாதம் 2,250 ரூபாய். ஆலைக்கு 1,65,000 என்றால் பொறியாளர் தேடி வந்து சொல்கிறார். ஒரு தலித் முனைவோருக்கு 2,250 ரூபாய் என்பது அந்த மாதம் ஒரு கூலியாளின் சில நாள் சம்பளம். அவரிடம் யாரும் வந்து சொல்வதில்லை. இதற்குப் புதிதாக ஒரு பாடம் எழுத வேண்டியதில்லை. அதே பயிற்சி, அதே பாடம். யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்ற பட்டியல்தான் வேறு.

‘லட்சக்கணக்கான தாழ்வழுத்த நுகர்வோருக்கு ஆளுக்கு ஒரு பொறியாளர் போட முடியுமா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. டெல்லியைப் பார்க்கச் சொல்வேன். 2002 ஜூலையில் வடக்கு டெல்லியின் மின் விநியோகம் டாடா கூட்டு நிறுவனத்திடம் போனபோது இழப்பு 53 சதவீதம். பின்னர் அது ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. அந்த நிறுவனம் பெரிய நுகர்வோருக்கென்று ஒரு தனிப் பிரிவு வைத்தது. ஜுக்கி என்று சொல்லப்படும் குடிசைப் பகுதிகளுக்கென்றும் இன்னொரு தனிப் பிரிவு வைத்தது. குடிசைப் பகுதிப் பெண்களுக்கு எழுத்தறிவு மையம் நடத்தி, அங்கே படித்து வந்த பெண்களையே ‘ஆபா’ என்ற பெயரில் நிறுவனத்துக்கும் தெருவுக்கும் இடையே நிறுத்தியது. அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள், புதிய இணைப்புக்கு வழி சொன்னார்கள், பாக்கியைக் கட்டவைத்தார்கள். தனியார் நிறுவனம்தான், லாபத்துக்காகத்தான் செய்தது. மின்சாரத்தைத் தனியாரிடம் கொடுப்பதற்கு நான் ஆதரவாளனும் இல்லை. ஆனால் குடிசைக்காரரிடமும் பெயர் தெரிந்த ஒரு ஆள் போய்ப் பேசினால் வருவாய் கூடும் என்பதை லாபம் பார்க்கிறவனே கண்டுகொண்டான். சமூகநீதி பேசும் மாநிலத்தின் பொதுத்துறை நிறுவனத்துக்கு அதைவிட வலுவான காரணங்கள் இருக்கின்றன.

பயிற்சி யாருக்கு என்பதும் ஒரு கேள்வி. வட்ட அலுவலகத்து மேற்பார்வைப் பொறியாளர், செயற்பொறியாளர் மட்டத்தில்தான் ஆலைகளோடு பேச்சு நடக்கிறது. பயிற்சியும் அந்த மட்டத்துக்கே போகிறது. மழையில் கம்பத்தில் ஏறும் கேங்மேனும் ஒப்பந்தத் தொழிலாளியும்தான் மக்கள் நாள்தோறும் பார்க்கும் மின்வாரியம். ஆலைக்குள் பழுது பார்க்கப் போகும்போது கேட்டில் முதலில் மடக்கப்படுகிறவரும் அவர்தான். அவருக்குக் கையுறையே போராடித்தான் கிடைக்கிறது, பயிற்சி எங்கே?

ஒன்று மறந்துவிடக் கூடாது. பெரிய நுகர்வோர் நிரந்தரம் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பர் 1 அன்று நின்றுபோனது. அங்கே வேலை செய்த கிராமத்துப் பெண்கள் வீடு திரும்பினார்கள். அந்த வீடுகளின் மின் இணைப்புகள் அப்போதும் இருந்தன, இப்போதும் இருக்கின்றன, கட்டணமும் கட்டுகின்றன.

வாரியத்திடம் நாம் கேட்பது மிகப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வட்டத்திலும் உயரழுத்த நுகர்வோருக்குப் பயிற்சி பெற்ற அலுவலர் இருப்பதுபோல, அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்திலும் தாட்கோ வழியாகவும் கடன் பெற்றவர்களின் மின் இணைப்புக்கு ஒரு அலுவலரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் கடன் ஒப்புதலாகும் நாளிலேயே அந்தப் பட்டியல் அவர் மேசைக்குப் போக வேண்டும். நில ஆட்சேபம் வந்தால் ஆட்சியருக்கு எழுதுவது அவர் வேலை, விண்ணப்பித்தவர் வேலை இல்லை. வால்முனைக் காலனிகளின் மின்னழுத்தத்தை ஆண்டுக்கு இரண்டு முறை மாலை நேரத்தில் அளந்து பிரிவு அலுவலகப் பலகையில் எழுத வேண்டும்.

அதுவரை காத்திருக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2024இல் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகளின்படி, கம்பி நீட்டிப்பு தேவையில்லாத புதிய இணைப்பை நகராட்சிப் பகுதியில் 7 நாளிலும் கிராமத்தில் 15 நாளிலும் தர வேண்டும். நீட்டிப்பு வேண்டுமெனில் 60 நாள், மின்மாற்றியே புதிதாக வேண்டுமெனில் 90 நாள் என்று ஒழுங்குமுறை ஆணையத்தின் செயல்திறன் விதிகள் சொல்கின்றன. விண்ணப்பத்தின் பதிவு எண்ணையும் தேதியையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சேபம் என்று வாயால் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். நாள் தாண்டினால் மேற்பார்வைப் பொறியாளரின் மாதாந்திரக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். அங்கும் நடக்காவிட்டால் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர். மன்றத்துக்கு வக்கீல் வேண்டாம், வெள்ளைத்தாளில் நீங்களே எழுதலாம். மனுவில் கடன் ஒப்புதல் தேதியையும் முதல் தவணைத் தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.