நஞ்சைப் பற்றும் கல்லும் நாம் கேளாத கேள்வியும்

கல்லூரிகளின் இரசாயன ஆய்வுச்சாலைகளில் ஆண்டுதோறும் மாணவர் பலர் செய்துவரும் சோதனை ஒன்றுண்டு. காய்ச்சி வடித்த நீரில் ஈய உப்பையேனும் காட்மிய உப்பையேனும் நிறுத்துக் கரைத்து, அதனுள் ஒரு களிமண்ணையோ கற்பொடியையோ இட்டுக் குலுக்கி, வடிகட்டி, எஞ்சிய உலோகத்தைக் கணக்கிடுவர். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் நீங்கிற்று என்று விடை வரும். வளைகோடு ஒன்று வரையப்படும், கட்டுரையும் முற்றுப்பெறும். இம்முயற்சியை யாம் இகழ்வோமல்லோம். யாமும் அவ்வாறு குலுக்கினவர்களே. ஆயினும் அக்கட்டுரை முடிகின்ற இடத்தில்தான் மெய்யான வேலை தொடங்குகின்றது என்பது எம் கருத்து.

கல் உலோகத்தைப் பற்றுமென்பதில் ஐயமில்லை. 1756-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்துக் குரோன்ஸ்டெட் என்பார் ஒருவகைக் கல்லைத் தீயில் காய்ச்ச, அது நீராவியை விட்டுக் கொதிப்பதுபோற் பொங்கக் கண்டு, கொதிக்கும் கல் என்னும் பொருளில் அதற்கு ஸியோலைட் எனப் பெயரிட்டார். 1850-இல் ஆங்கில நாட்டு இரசாயன அறிஞராகிய வே என்பவர், வயல் மண் அம்மோனியாவைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டு, அதற்கு ஈடாகச் சுண்ணச்சத்தை வெளியே விடுகின்றது என்பதை வெளியிட்டார். ஸியோலைட்டும் களிமண்ணும் எதிர்மின்னேற்றம் உடையன. தம்மிடமுள்ள ஸோடியத்தைக் கொடுத்து, நேர்மின்னேற்றமுள்ள ஈயத்தை வாங்கிக்கொள்கின்றன. பண்டமாற்று என்பதே இதற்குத் தக்க பெயர். நஞ்சு அழிந்துபோவதில்லை; நீரைவிட்டுக் கல்லிற் குடியேறுகின்றது, அவ்வளவே.

இதன் பொருள் இன்னதென்று அறிய விரும்புவோர் வங்காளத்தை நோக்குவாராக. குளத்து நீரால் வரும் வாந்திபேதிக்கு அஞ்சி, 1970-ஆம் ஆண்டுகளில் அந்நாட்டுச் சிற்றூர்களிலெல்லாம் குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. நீர் தெளிவாயிருந்தது, குழந்தைகள் பிழைத்தனர், எவரும் மகிழ்ந்தனர். அந்நீரிலே ஆர்சனிக்கு, அதாவது நம் சித்த மருத்துவர் வெள்ளைப் பாஷாணம் என்று வழங்கும் பொருளின் மூலம், கலந்திருக்குமோ என்று பார்த்தவர் இலர். 1983-இல் கல்கத்தாவிலுள்ள வெப்பமண்டல நோய் மருத்துவப் பள்ளியைச் சார்ந்த ஸாஹா என்னும் தோல் மருத்துவர், மேற்கு வங்காளத்து நோயாளரின் உள்ளங்கையிலும் உடலிலும் கண்ட தடிப்பையும் புள்ளிகளையும் கொண்டு அதனை உணர்ந்தார். 1993-இல் வங்கதேசத்துக் கிணறுகளிலும் அது வெளிப்பட்டது. அங்கு 3.5 கோடி முதல் 7.7 கோடி வரை மக்கள் அபாயத்திற்கு உட்பட்டிருந்தனர் என்று 2000-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் இதழில் வந்த கட்டுரை கணித்தது. குடிநீர் ஒரு லிட்டரில் 10 மைக்ரோகிராமிற்கு மேல் ஆர்சனிக்கு ஆகாதென்பது அந்த ஸ்தாபனத்தின் வரம்பு. பிற்காலத்தில் கிணறுகளைச் சோதித்து, தீயனவற்றிற்குச் சிவப்பும் நல்லனவற்றிற்குப் பச்சையும் பூசினர். அச்சாயமோ மழையிலும் வெயிலிலும் மங்கிப்போயிற்று.

ஆர்சனிக்கு முழு உலோகமன்று; எனினும் நஞ்சு என்ற முறையில் ஈயம், பாதரசம் ஆகியவற்றோடு சேர்த்தே எண்ணப்படுவது. ஈயத்தைப் பற்றும் களிமண் இதனை அவ்வாறு பற்றுவதில்லை. நீரில் ஆர்சனிக்கு எதிர்மின்னேற்றம் உடையதாகவோ, மின்னேற்றமே அற்றதாகவோ நிற்றலின், பண்டமாற்றுக்கு இடமில்லை. இயற்கைக் கல் எதுவாயினும் எந்த நஞ்சையும் போக்கும் என்று விளம்பரம் செய்வோர் இதனை அறியார், அன்றேல் அறிந்தும் மறைப்பர். ஆர்சனிக்கிற்கு உற்ற பகை இரும்பின் துருவே. துரு மிகுந்த செம்பாறைக் கல்லும் அவ்வேலையைச் செய்யும். ஆனால் மின்னேற்றமற்ற ஆர்சனிக்கு துருவிலும் எளிதில் ஒட்டாது. முதலில் அதற்குப் பிராணவாயுவை ஊட்டி மாற்றல் வேண்டும். மேலும், மெய்யான கிணற்று நீரில் பாஸ்பேட்டும் மணற்சத்தும் இருந்து, துருவின்மேல் உள்ள இடத்தை ஆர்சனிக்கிற்கு முன்னரே கவர்ந்துகொள்ளும். காய்ச்சி வடித்த நீரில் இப்போட்டி ஏது? நம் வளைகோடுகள் அத்துணை அழகாய் வருவதன் இரகசியம் இதுவே!

வங்காளத்து நிலத்தடியில் ஆர்சனிக்கு வந்த வரலாறு இதனினும் வியப்புடையது. இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்த மணலின்மேற் படிந்திருந்த துருவே அதனைப் பற்றிச் சுமந்து வந்தது. மக்கிய தழைகளோடு புதையுண்டு காற்றற்றுப் போனவிடத்து, நுண்ணுயிர்கள் அத்துருவைக் கரைத்தன; துரு தான் பற்றியதை நீருக்கே திருப்பிக் கொடுத்தது. எந்தப் பொருளை நாம் வடிகட்டியில் மருந்தாக இடுகின்றோமோ, அதுவே காற்றில்லாத சேற்றில் நஞ்சை விடுவிப்பதாகவும் ஆகின்றது. பயன்பட்டுத் தேய்ந்த வடிகட்டித் துருவை ஊர்க் குட்டையிற் கொட்டுவோமாயின், இயற்கை முன்னர்ச் செய்த பிழையை நாம் நம் கையால் மறுபடி செய்தவராவோம்.

செயலில் இறங்கினோர் இதனை உணர்ந்திருந்தனர். வங்கதேசத்திற் பிறந்து அமெரிக்காவில் ஆசிரியராயிருந்த அபுல் ஹுஸ்ஸாம் அவர்கள், ஆற்றுமணல், பதப்படுத்திய இரும்புத் துகள், மரக்கரி, செங்கற் சில்லு ஆகியவற்றை இரண்டு வாளிகளில் அடுக்கி, மின்சாரம் வேண்டாத வடிகட்டியொன்றை அமைத்தார். 2007-இல் அதற்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு கிடைத்தது. அதே போட்டியில் அடுத்த பரிசு அருப் சென்குப்தா அவர்களின் குழுவிற்கு. எமக்கோ இவ்விரண்டாம் பரிசே மிகுதியும் கற்றுத்தருவதாகத் தோன்றுகின்றது. 1997 முதல் மேற்கு வங்காளத்துக் கைப்பம்புகளோடு அவர்கள் இணைத்த சாதனங்களை ஊராரே குழு வகுத்துப் பேணினர். நீர் கொள்வோர் சிறு கட்டணம் செலுத்தினர். உள்ளிருக்கும் பொருள் நிறைந்தபோது அதனைக் கழுவிப் புதுக்கினர். கழுவியெடுத்த ஆர்சனிக்குக் கசடைக் காற்றுப்படும் மணற்படுகையின்மேல் இட்டுக் காத்தனர். காற்றுப்பட வைத்தமையில்தான் அவர்தம் இரசாயன அறிவு விளங்குகின்றது.

செல்வ நாடும் இதற்கு விலக்கன்று. இங்கிலாந்தில் ஸெல்லபீல்ட் அணுநிலையத்து நீரிலிருந்து ஸீஸியத்தையும் ஸ்ட்ரான்ஷியத்தையும் நீக்க, 1985 முதல் கிளினோப்டிலோலைட் என்னும் இயற்கை ஸியோலைட் பயன்பட்டு வருகின்றது. நிறைந்த கல்லை அவர்கள் எறிவதில்லை. தொட்டிகளிற் காத்து வைத்திருக்கின்றனர்.

இனி நம் ஆய்வுச்சாலைக்கு வருவோம். குலுக்கி முடிந்த பொடி எங்கே போயிற்று என்று எந்த மாணவரையேனும் கேட்டதுண்டா? பெரும்பாலும் கைகழுவும் தொட்டியின் வழியேதான் போயிற்று. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு ஈயத்தை நீரினின்று நீக்கிய பெருமை, அன்று மாலையே அவ்வீயத்தைச் சாக்கடைக்கு அனுப்பிய சிறுமையோடு ஒருங்கே நிகழ்கின்றது. இதற்கு மாணவரை மட்டும் குறைகூறல் முறையன்று. கேள்வி கேளாத தேர்வாளரும், அச்சிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொண்ட நம் கல்வி முறையும் அதில் பங்குடையன.

ஆதலின் யாம் கோருவது பெரிதன்று. வரும் ஆண்டு முதல் இவ்வகை ஆராய்ச்சியை மேற்கொள்ளும் மாணவர், காய்ச்சி வடித்த நீரோடு நில்லாது, மக்கள் குடிக்கும் கிணறு ஒன்றின் நீரிலும் அதே சோதனையைச் செய்து, விடை எத்துணைத் தாழ்ந்ததாயினும் வெட்கமின்றி எழுதுக. கல் எத்தனை லிட்டரில் நிறையும், நிறைந்ததை எவர் எவ்வாறு அறிவர், நிறைந்த கல் எங்கே வைக்கப்படும் என்பதற்குக் கட்டுரையில் ஒரு பக்கம் ஒதுக்குக. அப்பக்கமின்றி வரும் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிடுமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டிக்கொள்கின்றோம்.